பேராசிரியருக்கு வைத்த வெற்றிலைத் தட்டு

போன வாரம் என் தங்கை மகள் கொழும்பிலிருந்து பேசினாள். ஒரு பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் பொருளியலுக்குப் பேராசிரியர் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வு கணினித் திரையிலேயே முடிந்துவிட்டதாம். கேள்வி கேட்டவர்களில் ஒருவர் எங்கோ வெளிநாட்டில் இருந்தாராம். அவருக்குப் பின்னால் ஒரு பூனை சாவகாசமாக நடந்து போனதாம். வேலை கிடைத்த செய்தியும் மின்னஞ்சலில்தான் வந்திருக்கிறது. "வெத்தலை பாக்கு ஏதாச்சும் வச்சாங்களாடி?" என்று கேட்டேன். பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து ஒரு தொழிலாளர் பொருளியல் பேராசிரியரை வெற்றிலைத் தட்டு வைத்துத்தான் வேலைக்கு அமர்த்தினார்கள். அமர்த்தியவர்கள் நாங்களேதான்.

எழுபதுகளின் கடைசி. பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயம் இருந்தது. நான் அங்கே டைப்பிஸ்ட். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பெண் டைப்ரைட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தலைகால் புரியுமா? பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கைப்பையை நாலு பேர் பார்க்கும்படி முன்னால் பிடித்துக்கொள்வேன். உள்ளே ஒரு சீப்பும் ரொட்டிப் பொட்டலமும்தான் இருக்கும். அந்தக் காரியாலயத்தின் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. பிரதியெடுக்கும் ரோனியோ மை, வெற்றிலை, நனைந்த கம்பளி. மழைக்காலத்தில் தோட்டத்து ஆட்கள் போர்த்தி வரும் கம்பளிகளைப் படிக்கட்டின் கைப்பிடியில் காயப்போடுவார்கள். ஏறி வருகிறவர்கள் ஈரக் கம்பளிகளுக்குள் புகுந்துதான் வரவேண்டும். கீழே துணிக்கடைக்காரர் தினமும் முறையிடுவார், தினமும் எங்களுக்கு பிளேன்டீயும் கொடுத்தனுப்புவார்.

அந்த வருடம் பெண் தொழிலாளர் சம்பளம் பற்றி ஒரு விசாரணை வரப்போவதாகத் தெரிந்தது. அப்போதெல்லாம் மலையில் ஓர் ஆள் ஒரு நாள் வேலை செய்தால் அதற்கு ஒரு 'பேர்' விழும். ஆணின் பேருக்கு ஒரு சம்பளம், பெண்ணின் பேருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்பார்கள். தோட்ட நிர்வாகத்தின் பக்கம் பேசப் படித்தவர்கள் வருவார்கள். எங்கள் பக்கம் இருந்தது மாவட்டப் பிரதிநிதி செல்லையா அண்ணன். அவர் குரலுக்குத் தோட்டத் துரைமார் பயப்படுவார்கள். ஆனால் பொருளியல் என்றால் அவருக்கே கொஞ்சம் பயம்.

"படிச்ச ஆளுக்குப் படிச்ச ஆளைத்தான் கொண்டாந்து நிறுத்தணும்ணே" என்று அவரைப் பிடித்துக்கொண்டவர் ராக்கு அக்கா. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மாதர் சங்கத் தலைவி. கணவர் இறந்துபோய்விட்டார், ஒரே மகள். அந்த வீட்டில் ஆண் சம்பளம் என்று ஒன்று வந்து வெகுநாள் ஆகிவிட்டது. அதனால் இந்த விசாரணை எங்களுக்குச் சங்க வேலை, அவருக்கு அடுப்பு வேலை.

பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் பொருளியல் படிப்பிக்கும் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினோம். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஆலோசகராக இருந்து விசாரணையில் பேசித் தரமுடியுமா என்று கேட்டு, கடிதத்தை நான்தான் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று பதில் வந்தது. "மாட்டேன்னு சொல்ற ஆளு இம்புட்டுத் தூரம் ரயிலேறி வருவாரா?" என்று செல்லையா அண்ணன் காரியாலயம் முழுக்க நடந்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அதற்கு வாத்தியாரை அமர்த்த எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்து நீட்டுவார்கள். அவர் வாங்கிக்கொண்டால் தப்படிக்கிறவர் வெளியில் நின்று ஓர் அடி அடிப்பார். அவ்வளவுதான், வேலை உறுதி. அதன்பிறகு மழையென்றும் காய்ச்சலென்றும் சொல்ல முடியாது. கூத்துச் சொல்லிக்கொடுப்பவருக்கே தட்டு வைக்கும்போது பேராசிரியரை வெறுங்கையோடு கூப்பிடுவதா என்பது ராக்கு அக்காவின் கட்சி. பஜாரில் காதர் நானாவின் கடையில் வெற்றிலை வாங்கப் போனேன். யாருக்கு என்று கேட்டவர், பேராசிரியருக்கு என்றதும் எடுத்த கட்டைத் திரும்ப வைத்துவிட்டு உள்ளேயிருந்து நல்ல கொழுந்து வெற்றிலையாகக் கொண்டுவந்தார்.

பேராசிரியர் என்றால் கோட்டும் சூட்டுமாக இறங்குவார் என்று நினைத்திருந்தேன். ஒரு துணிப்பையும் குடையுமாக ஒல்லியான மனிதர் வந்து நின்றார். ராக்கு அக்காவின் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொட்டில் சேலைகளை முடிந்து மேலே போட்டிருந்தார்கள். அவர் வாசல்படியில் கால் வைத்ததுமே ராக்கு அக்கா தட்டை நீட்டினார். பேராசிரியர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். வெளியே தப்பு ஓர் அடி விழுந்தது. பெண்கள் எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். "குறை நினைக்கக்கூடாது. நான் மாட்டன் எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்றார்.

வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டிருந்தது. சில மாதங்களில் போய்ச் சேரவேண்டும். விசாரணையோ எப்போது முடியும் என்று சொல்ல முடியாதது. கடிதத்தில் மறுப்பது மரியாதையில்லை என்று நேரில் வந்திருக்கிறார். செல்லையா அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ராக்கு அக்கா மட்டும் அசையவில்லை. "அப்ப தட்டை ஏங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

கொடுத்தால் வாங்குவதுதானே மரியாதை என்றார் அவர்.

"எங்க தோட்டத்துல தட்டை வாங்குனா வேலையை ஏத்துக்கிட்டதுங்க. தப்பும் அடிச்சாச்சு. அடுத்த மாசம் எம்மக வேலைக்குப் பேர் பதியப்போறா. எனக்கு விழுந்த கொறைச்ச சம்பளம் என்னோட போகட்டும். அவளுக்கும் அதுதான்னா நான் என்னா சொல்லி அவளை மலைக்கு அனுப்புறது?"

பேராசிரியர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்தார். வேட்டியில் துடைத்தார், நுனியைக் கிள்ளினார், காம்பை ஒடித்தார், பின்பக்கத்து நரம்பை நகத்தால் உரித்தார். "சுண்ணாம்பு இருக்கோ?" என்று கேட்டார். ஒரே நேரத்தில் பல மடிகள் அவிழ்ந்து பல சுண்ணாம்பு டப்பாக்கள் நீண்டன. தொழிலாளர் பொருளியலில் ஆலோசகர் நியமனம் அப்படித்தான் நடந்தது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் என்று சொல்லுமளவுக்கு வந்தார். லயம் லயமாகப் போவார், பெண்களிடம் கேட்பார், நடு நடுவே என்னைப் பார்த்து "எழுதிப்போட்டீரோ?" என்பார். விசாரணையில் அவர் பேசிய அன்று நிர்வாகத்துப் பக்கத்தில் தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள் என்று செல்லையா அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். முடிவு என்னவோ 'பரிசீலிக்கப்படும்' என்றுதான் வந்தது. வெளிநாட்டு வேலையும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் அவர் எழுதிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு பிறகு பலர் பேசினார்கள், பல இடங்களில் போராடினார்கள். சில வருடங்கள் கழித்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தே விட்டது. அவரால்தான் வந்தது என்று யாராவது சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார்.

அந்தச் சந்தோஷத்துக்குத் தோட்டத்தில் ஒரு பொங்கல் வைத்தோம். அவரும் வந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில், வழக்கம் தெரியாமல் தட்டை வாங்கி மாட்டிக்கொண்டீர்களே சார், வருத்தமில்லையா என்று கேட்டேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"பிள்ளை, எங்கட ஊரிலயும் மேளகாரருக்கு வெத்திலை வைச்சுத்தான் கேக்கிறது. அது எனக்குத் தெரியாதோ? வெளிநாட்டுக்குப் போறதுக்கு எனக்கு மனமில்லை. ஆராவது மறிக்கமாட்டினமோ எண்டு பாத்துக்கொண்டுதான் ரயிலேறினனான்."

இப்போது அவர் இல்லை, ராக்கு அக்கா இல்லை. காரியாலயம் இருந்த மேல்மாடியில் தொலைபேசி உறை விற்கிறார்கள். காதர் நானாவின் கடை இருந்த இடம் எது என்று எனக்கே குழப்பம். தட்டு வைத்து அமர்த்தும் வழக்கமும் போய்விட்டது. கூத்து வாத்தியாருக்கும் தொலைபேசியில்தான் சொல்கிறார்களாம். தங்கை மகளுக்குக் கொஞ்சம் வெற்றிலையாவது அனுப்பிவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன தைப்பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ராக்கு அக்காவின் பேத்தி அதே மலையில் கொழுந்து பறிக்கிறாள். சம்பளம் காணாது என்று அவளுக்கு ஆயிரம் முறைப்பாடு, எல்லாம் நியாயமானவை. பேச்சுவாக்கில், உங்க அம்மாயி காலத்துப் பொம்பளைச் சம்பளத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்றேன். அவள் கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "பொம்பளைச் சம்பளமா? அது என்னாங்க அது?" என்றாள். காணாமல் போனவற்றில் அந்த ஒன்றுக்காக மட்டும் நான் பெருமூச்சு விடவில்லை.