முதுகுக்குப் பின்னே தாலின்

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்குப் போன எங்கள் சுற்றுலாக் குழுவில் கிள்ளான் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். குளிருக்கு இரண்டு சட்டை, கையில் எந்நேரமும் கைப்பேசி. ஓரிடத்தில் நிற்க மாட்டார். லைன் கிடைக்கும் இடம் தேடி அந்தப் பழைய கற்தெருக்களில் முன்னும் பின்னும் அலைவார்.

கோட்டை மேட்டில் நாங்கள் எல்லோரும் கீழே தெரிந்த சிவப்புக் கூரைகளைப் படமெடுத்தோம். அவர் மட்டும் அவற்றுக்கு முதுகைக் காட்டியபடி, கிள்ளான் வீட்டு வாசல் கேட்டை சிசிடிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த எனக்குத்தான் எரிச்சல்.

"வீட்ல யாரு இருக்கா, அங்கிள்?"

"யாரும் இல்ல லா. அதான் பாக்குறேன்."

"பேசாம அந்த கேட்டையே தூக்கிட்டு வந்திருக்கலாம்," என்றார் அவர் மனைவி.

ஊர் திரும்பிய பின், போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் அவரைத் தனியாகப் பார்த்தேன். வாழையிலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கண் கைப்பேசியில்.

"இன்னும் கேட்டைத்தான் பாக்குறீங்களா, அங்கிள்?"

திரையை என் பக்கம் திருப்பினார். தாலின் சதுக்கம். அங்கே யாரோ பொருத்திய கேமரா நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கற்களின் மேல் ஒரு பெண் குடையோடு ஓடினாள்.

"அன்னைக்குச் சரியா பாக்கல லா," என்றார். பிறகு கவலையாக, "அங்க மழ பெய்யுது."

கடைக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழை அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.