கோத்தாச் சுவரில் ஒரு செங்கல்

எங்கள் தோட்டத்துக்கு வடக்கே, சயாம் எல்லையைக் காக்கவென்று கட்டிய பழைய கோட்டை ஒன்று இருந்தது. மலாய்க்காரர்கள் சொல்வதுபோல நாங்களும் அதைக் கோத்தா என்போம். நான் ரப்பர் மரம் சீவப் போன காலத்துக்கு முன்பே பட்டாளம் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. சுவர் இடிந்து, உள்ளே லாலாங் புல் ஆளுயரத்துக்கு நின்றது.

ரப்பர் நட்ட மண்ணில் புதைக்கத் துரை விடமாட்டார். பெரியவர்களை ஆற்றங்கரையில் எரித்தோம். பச்சைக் குழந்தைகளை எரிக்கும் வழக்கமில்லை. கோத்தாவுக்குள் புதைத்து, உதிர்ந்த செங்கல் ஒன்றைத் தலைமாட்டில் நட்டு மஞ்சள் பூசுவோம். முப்பது நாள்கூட உயிரோடு இருந்திராத என் தம்பியும் அங்கேதான் கிடந்தான். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் புது மஞ்சள் பூசிப் பால் ஊற்றிவிட்டு வருவாள். நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. சோம்பல், வேறென்ன.

பிறகு மேலே யாருக்கோ கோட்டையைப் பூங்காவாக்கும் ஆசை வந்தது. அவர்களுக்கென்ன, காற்று வாங்க இடம் வேண்டும். புல் வெட்ட எங்கள் தோட்டத்துப் பெண்களை அனுப்பினார்கள். அம்மா இரண்டு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"தம்பி கல்லு மேல யாரையும் கை வைக்க விடாதடி."

"நான் பாத்துக்கிறேம்மா, நீ சும்மா படு" என்றேன். பெரிய இவள் நான்!

புல்லை வெட்டி முடித்ததும் கங்காணி கத்தினார். "சொவரு கட்டக் கல்லு பத்தலயாம். உதுந்து கெடக்குறத எல்லாம் பொறுக்கியாங்க, சீக்கிரம் லா!"

மஞ்சள் கல்லைத் தேடிக்கொண்டே கூடை கூடையாகச் சுமந்தேன். ஒரு கல்லிலும் மஞ்சள் இல்லை. இரண்டு வார மழை கழுவிவிட்டிருக்கும் என்று இந்த மண்டைக்கு உறைக்கவேயில்லை. கடைசிக் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பியபோதுதான், நான் கல் பெயர்த்த குழி ஒன்றின் பக்கத்தில் அம்மா வீட்டிலிருந்து பால் கொண்டுபோகும் விளிம்பு உடைந்த கொட்டாங்குச்சி கிடப்பதைப் பார்த்தேன். அடிப்பாவி, என் கையாலேயே! ஓடினேன். கொத்தனார்கள் பாதிச் சுவரை எழுப்பிவிட்டிருந்தார்கள்.

காய்ச்சல் விட்டதும் அம்மா வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

"இதுல எதுடி அவன் கல்லு?"

எனக்கு எப்படித் தெரியும்? அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கைக்கு எட்டிய ஒரு கல்லைக் காட்டினேன்.

சாகும்வரை அந்தக் கல்லுக்குத்தான் மஞ்சள் பூசினாள்.