கிரகத்தையே மாற்றிவிட்டார்கள்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் ஒரு காலத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. தோட்டத்துச் சங்கங்களைச் சொல்லவில்லை. அவை சந்தா பிடிக்கிற கட்சிகள். நான் சொல்வது பழைய கப்பல் கட்சியையும் புதுக் கப்பல் கட்சியையும். நான் பழைய கப்பல் கட்சி. கொள்கைப் பிடிப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, கடலையே பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் என்றால் கடலில் போகிற கப்பல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீவியில் ஓடிய ஓர் ஆங்கிலத் தொடரில் வானத்தில் போன கப்பல். சொந்தக் கிரகம் எரிந்துபோக, மிச்சமிருந்த சனங்கள் எல்லாரும் ஒரே கப்பலில் ஏறி, இறங்க ஓர் இடம் தேடி நட்சத்திரம் நட்சத்திரமாக அலைகிற கதை. வருடக்கணக்காக அலைந்தார்கள். போன இடத்திலெல்லாம் நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் லயத்துச் சனத்துக்கு அந்தக் கதை ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

டீவி மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு வீடியோ கசெட் கடையில் வேலை பார்த்தவர். நிலைமை சரியில்லை, தமிழ்ப் பையன்களைத் தெருவில் நிற்கவிடுகிறார்கள் இல்லை என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். வரும்போது ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்தார். லயத்தில் கரண்ட் கிடையாது. லொறி பேட்டரியில்தான் பெட்டி ஓடும். அந்தப் பேட்டரியை ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேர் கம்பில் கட்டித் தோளில் சுமந்து, பஸ்ஸில் ஏற்றி, அட்டன் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணி வரவேண்டும்.

தொடர் ஆங்கிலத்தில். கீழே ஓடும் எழுத்து சிங்களத்தில். சனம் தமிழில். நடுவில் மாமா. அவர் சிங்களத்தை வாசித்து உடனுக்குடன் தமிழில் சொல்வார். கப்பல் தலைவர் இரண்டே வார்த்தை பேசுவார். மாமாவின் தமிழ் அடுத்த காட்சி வரைக்கும் நீளும். இன்னொரு சமயம் தலைவர் மூச்சுவிடாமல் பேசி முடிப்பார். மாமா, "சரின்னு சொல்றாரு" என்று முடித்துவிடுவார். அவ்வளவு சுருக்கமான மொழி தமிழ் என்று நான் வகுப்பில் பெருமையடித்திருக்கிறேன்.

முதல் முதலாக அந்தக் கப்பலைப் பார்த்த சாயங்காலம் எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு நிலாவுக்கு முன்னால் அது மெல்ல நகர்ந்தது. நிலா முழுக்க மறைந்துபோனது. எங்கள் காம்பரா அறையில் இருபது முப்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது. எல்லார் முகத்திலும் நீல வெளிச்சம். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, நான் பிறப்பதற்கு முன்பே, குடியுரிமை இல்லையென்று அனுப்பிய சனத்தோடு றொசல்ல ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடல் தெரியாத எனக்குக் கப்பல் என்றால் இனி அதுதான். பெரியம்மா நிலாவை மறைத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தபோது, அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இப்படி ஒற்றுமையாக இருந்த சனத்தில் கட்சி எப்படி வந்தது என்றால், தொடர் கொஞ்ச காலம் நின்று திரும்பத் தொடங்கியபோது கப்பலை மாற்றிவிட்டார்கள். பழைய கப்பல் ஒட்டுப்போட்ட தகரமும் குழாயும் புகையுமாக எங்கள் தேயிலை ஃபெக்டரி மாதிரி இருக்கும். புதியது வழுவழுவென்று, கண்ணாடியும் விளக்குமாக, கதவுகள் தானாகத் திறந்துகொண்டு இருந்தது. எதிரிகளையும் விடவில்லை. வாளியைக் கவிழ்த்த மாதிரித் தலையோடு வந்துகொண்டிருந்த இரும்பு ஆட்களுக்கு வேறு தலை வைத்துவிட்டார்கள்.

அப்பா ஃபெக்டரியில் மெஷின் பார்க்கிறவர். "இந்தக் கப்பல்ல எண்ணெய் வாசமே இல்லையே. இது எங்க ஓடப்போவுது" என்றார்.

பக்கத்துக் காம்பராவில் இருந்த சித்தப்பா கொழுந்து லொறி ஓட்டுகிறவர். "டீவில ஒங்களுக்கு எப்பிடிண்ணே வாசம் வருது? கதவப் பாருங்க, தானா தொறக்குது. நம்ம காம்பரா கதவு ஒதச்சாலும் தொறக்குதா?"

"அது கப்பலாடா? தொரை பங்களா. அதுக்குள்ள நம்ம ஆளுக எப்பிடி இருப்பாங்க?"

"ஏன், இருந்தா என்ன? எத்தன வருசத்துக்கு ஓட்டக் கப்பல்லயே போறது?"

அன்றைக்குப் பிளந்த லயம்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் கூடினாலும் கப்பல், மலையில் கொழுந்து எடுக்கும்போதும் கப்பல். இடையில் நடிகர்களைப் பற்றிய வழக்குகள் வேறு. முன்பு ஒரு காலத்தில் எதிரி ராஜாவாக வந்து வெடித்துச் செத்த கிழவர், இப்போது ஒரு வாரத்துக்கு மட்டும் சாமியாராகத் தலைகாட்டினார். செத்தவர் எப்படி வரலாம் என்று புதுக் கட்சிக்காரர்களே சங்கடப்பட்டார்கள். அதை அப்பாதான் தீர்த்துவைத்தார்: "போன வருசம் நம்ம காமன் கூத்துல எமனா வந்தவன் இந்த வருசம் தூதனா வரலியா? யாராச்சும் கேட்டீங்களா? வேசம்தாண்டா." மாமாவும், கசெட் கடை அனுபவத்தோடு, "ஆமா, இப்பிடி ஆளுங்க ரெண்டு மூணு வாரத்துக்கு வருவாங்க, விருந்தாளி மாதிரி. அப்பறம் போயிருவாங்க" என்றார்.

அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே கதையைக் காதால் கேட்பதோடு சரி.

பிறகுதான் அந்தப் பெண் வந்தாள்.

உடைந்த வேறொரு கப்பலிலிருந்து காப்பாற்றி ஏற்றப்பட்ட மெக்கானிக். அந்தக் கப்பலில் அதுவரை நம்ம நிறத்தில் ஒருவரும் ஏறியதில்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் எல்லோரும் சாம்பல்தான். ஆனால் அவள் நம்ம சாம்பல். இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டது. அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கை வைத்து, தலைவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

அடுப்படி வாசலில் அம்மா மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தார். "தம்பி, அவ நிக்கிறதப் பாரு" என்றார். "அக்கா மாதிரியே இல்ல?"

மாமா அன்றைக்கு மொழிபெயர்ப்பதை மறந்துவிட்டார். அந்தப் பெண் முதலில் பேசியது என்ன என்று எங்கள் லயத்தில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

பெரியம்மா போன புதிதில் கடிதம் வந்துகொண்டிருந்ததாம். பிறகு நின்றுவிட்டது. அவரைப் பற்றி அம்மா பேசி நான் கேட்டது குறைவு. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மத்தியானமே ரொட்டியைச் சுட்டு மூடிவைத்துவிட்டு, முன்வரிசையில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். படம் மறைக்கிறது என்று முறையிட்டேன். "எந்திரிச்சு நில்லுடா" என்றார். கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் மாமாவிடம் ஒரே கேள்விதான்: "இவளும் விருந்தாளியா தம்பி? இல்ல, இருப்பாளா?"

"இருப்பாக்கா" என்றார் மாமா, பேட்டரி வயரைக் கழற்றிக்கொண்டே.

அதற்கடுத்த வாரம் கதை உச்சத்தில் நின்றது. இரும்பு ஆட்கள் கப்பலின் பக்கத்தைப் பிளந்துவிட்டார்கள். யாராவது ஒருவர் வெளியே போய்ப் பெரிய கதவை அடைக்க வேண்டும். அடைத்தால் உள்ளே வர முடியாது. அந்தப் பெண் எழுந்தாள். கதவு வரை நடந்தாள். திரும்பி, இடுப்பில் கை வைத்து நின்று எல்லோரையும் பார்த்தாள்.

அந்த நேரம் படம் நான்கு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. முதலில் கப்பல் காணாமல் போனது, பிறகு அவளுடைய தோள், பிறகு முகம். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் மினுக்கியது. அதுவும் அணைந்தது.

பேட்டரி சார்ஜாகவில்லை. காரணம் லேசானது. ஒரு வாரம் பழைய கட்சி, ஒரு வாரம் புதுக் கட்சி என்று பேட்டரி தூக்க முறை வைத்திருந்தோம். இரும்பு ஆட்களின் தலை விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. இந்த வாரம் உங்கள் முறை என்று அவர்களும், உங்கள் முறை என்று நாங்களும் மனதுக்குள்ளேயே நினைத்துக்கொண்டோம். கேட்டால் மரியாதை என்ன ஆவது?

வழக்கமாக இருந்தால் அந்த இடத்திலேயே அடிதடி. ஆனால் அம்மா அசையாமல் கறுத்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, என்னாச்சு அவளுக்கு?" என்றார். அந்தக் குரலில் அம்மா பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மாமா பேட்டரி வயரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு, "யாரும் எந்திரிக்காதீங்க. கதை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. விளக்குக்கூட யாரும் ஏற்றவில்லை. இருட்டில் மாமாவின் குரல் மட்டும்.

"கதவச் சாத்திட்டா. வெளியதான் நிக்கிறா. இரும்பாளுங்கெல்லாம் பொசுங்கிப் போறானுங்க. கப்பல் அவள விட்டுட்டுப் போவுது, வேற வழியில்ல. அவ கை காட்டுறா. ஆனா பாருங்க, அங்கிட்டுருந்து சின்னக் கப்பல் ஒண்ணு வருது. யாரோ தெரியாத ஆளுங்க. வா தாயின்னு ஏத்திக்கிறாங்க. அந்தா, கிட்டக்க போன வாரம் பாத்த மணல் கிரகம் தெரியுதுல்ல, அங்க கொண்டுபோய் எறக்குறாங்க. எறங்கிட்டா. நின்னு திரும்பிப் பாக்குறா."

எல்லோரும் செத்துப்போன கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அந்தச் சின்னக் கப்பலைப் பார்த்தேன். அது இறங்கும்போது எழும்பிய புழுதியைப் பார்த்தேன். பிற்காலத்தில் பெரிய திரையில் எவ்வளவோ பார்த்துவிட்டேன். அவ்வளவு துல்லியமான படம் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சித்தப்பா பக்கத்தில் மூக்கை உறிஞ்சினார். சனம் எழுந்து வீட்டுக்குப் போனது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விஷயம் கவிழ்ந்தது. பஸ் நிற்கிற சந்தியில் சாமான் கடை வைத்திருந்த முதலாளியின் மகன் என் வகுப்பு. அவன் வீட்டில் கரண்டும் உண்டு, கலர் டீவியும் உண்டு.

"அந்த மெக்கானிக் பொம்பள மவுத்தாப் போயிட்டாளேடா" என்றான். "பாவம், வெளியிலயே வெடிச்சிட்டா. கப்பல்ல எல்லாரும் தொப்பியக் கழட்டி நின்னாங்க."

"இல்ல. சின்னக் கப்பல் வந்து ஏத்திக்கிச்சு."

"எந்தச் சின்னக் கப்பல்?"

நான் விளக்கினேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. போதாததற்கு இன்னொன்றும் சொன்னான். நாங்கள் இவ்வளவு காலமும் வெள்ளை என்று சண்டை பிடித்த புதுக் கப்பல் பச்சையாம்.

பாதி உலகம் இடிந்துபோய் வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா மலையிலிருந்து வந்து, குழாய்த் தண்ணீர் விழும் பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். புத்தகப் பையைக்கூட இறக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் செத்துப்போனாள், தொப்பியைக் கழற்றினார்கள், கப்பல் பச்சை.

அம்மா காலைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். தண்ணீர் வாளியில் நிரம்பி வழிந்தது.

"அவன் பாத்தது கலர் டீவிடா" என்றார் மாமா என்னிடம். "கலர்ல வேற மாதிரி எடுப்பாங்க."

இது எனக்கு ஓரளவு நியாயமாகவே பட்டது. ஆனால் அம்மா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ எறங்கினான்னியே தம்பி. அந்த எடத்துல மழ இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குக்கா."

"குளிரு?"

"மலைதானக்கா அது. நம்ம மலை மாதிரியே. குளிரு கொஞ்சம் கூட." மாமா வாளியை எடுக்கவில்லை. "போன புதுசுல கஷ்டந்தான். ஒங்க ஊருக்கே போங்கன்னு இங்க சொன்னாங்க. அங்க போனா, எந்த ஊரு நீங்கன்னு கேக்குறாங்களாம். இப்ப பழகிருக்கும். வீடு கெடச்சிருக்கும். புள்ளைங்க பெருசாயிருக்கும்."

"நம்மள நெனச்சிக்குவாளா?"

"நெனைக்காம இருப்பாளாக்கா?"

இங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். ஒரு உண்மையான ரசிகன் இந்த மாதிரி அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. "மாமா, அது மணல் கிரகம். ஒரு சொட்டு மழ பேயாதுன்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. மலை எங்கேர்ந்து வந்துச்சு? அவளுக்குப் புள்ளைங்களே இல்லையே."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அங்கே நிற்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி. பிறகு அம்மா சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என் வாதத்தின் வலிமை அப்படி என்று எடுத்துக்கொண்டேன்.

"மாத்திட்டாங்கடா" என்றார் மாமா. "கப்பல மாத்தலியா? தலைய மாத்தலியா? அதே மாதிரி கிரகத்தையும் மாத்திட்டாங்க."

"மாத்துனது நல்லதுதான்" என்றார் அம்மா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நம்மைக் கேட்காமல் கப்பலை மாற்றினார்கள், பொறுத்தோம். இப்போது மணலை எடுத்துவிட்டு மலையை வைக்கிறார்கள். அதற்குச் சொந்த அம்மாவே கைதூக்குகிறார். நேரே ஃபெக்டரி வாசலுக்குப் போய், வேலை முடிந்து வந்த அப்பாவிடம் கோள் சொன்னேன். அம்மா புதுக் கட்சியில் சேர்ந்துவிட்டார், அழுதுகொண்டே சேர்ந்துவிட்டார், என்ன ஏது என்று கேளுங்கள் என்றேன்.

பழைய கப்பல் கட்சியின் தலைவர் அவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எண்ணெய்க் கையைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"சேரட்டும்டா" என்றார்.

தலைவரே இப்படி இருந்தால் கட்சி எப்படி உருப்படும் என்று நினைத்துக்கொண்டே அவருக்குப் பின்னால் நடந்தேன்.