ஐரோலிக்குக் குறுக்குவழி

அன்றைக்கு எங்கள் வீட்டு ஆட்களில் உப்பளத்தில் இருந்தது மாமாவும் நானும்தான். மாமாவின் சைக்கிளையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் மூன்று பேர். அங்கே இல்லாதவர்கள் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா. அவர்கள் நால்வரும் மும்பைக் கழிமுகத்துக்கு அக்கரையில், ஐரோலியில் ஒரு வீட்டுச் சோபாவில், பழத்தட்டும் அல்வாப் பொட்டலமுமாக, மாப்பிள்ளை இல்லாமலே பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை என் மாமாதான், அம்மாவின் தம்பி.

பெண் பார்க்கப் போகிறவன் சைக்கிளிலா போவான் என்று தாராவியில் எங்கள் சந்து முழுக்கக் கேட்டது. மாமாவின் சைக்கிளைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். அது ரேஸ் சைக்கிள். பழைய சாமான் பிரிக்கிற கம்பவுண்டில் ஒருநாள் ஃபிரேம் கிடைத்தது, அப்புறம் ஒரு சக்கரம், ரொம்ப நாள் கழித்து ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். மாமா தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தார். வேலை விட்டு வந்ததும் சைக்கிளோடு உட்கார்ந்துவிடுவார். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கூடக் கிடையாது. டயர் என் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவிலிருந்து ஹெல்மெட்டும் இறுக்கமான பனியனும் போட்ட ஆபீஸ்காரர்கள் கூட்டமாக ஹைவேயில் மிதித்துப் போவார்கள். மாமா ரப்பர் செருப்புக் காலோடு அவர்களைத் தாண்டிப் போவார் என்றும், தாண்டிய பிறகு திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார் என்றும் சந்தில் பேச்சு. ஞாயிறு தவறாமல் போவார். மத்தியானம் வந்து, டயரில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியைத் துணியால் துடைப்பார்.

பெண் வீட்டுக்காரர் ஐரோலியில் ஒரு கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர். அங்கே அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அவருடைய பெண்ணை வேண்டாம் என்பதும் அப்பாவின் வேலையை வேண்டாம் என்பதும் ஒன்று. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பெண்ணைப் பற்றி மாமாவிடம் யாரும் கருத்துக் கேட்கவும் இல்லை.

நாள் குறிப்பதில்தான் சின்ன இழுபறி. அம்மா வெள்ளிக்கிழமை என்றாள். பட்டறையில் லீவு கிடைக்காது என்றார் மாமா.

"வார ஞாயித்துக்கெழம பௌர்ணமி, அக்கா. நெறஞ்ச நாளு. அன்னைக்கே வச்சிருவோம்."

கோயிலுக்குப் போனால் வெளியே நின்று எங்கள் செருப்புக்குக் காவல் காக்கிற ஆள் பௌர்ணமியைப் பற்றிப் பேசியதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

அன்று காலை அப்பா டாக்சியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வந்து மாமாவுக்குக் கடைசியாகப் புத்தி சொன்னார்.

"மாப்ளே, அங்க போயி கை நனைச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சிது. ஒரு வாய் அல்வா தின்னாலும் சம்மதந்தான். பெறவு யோசிக்கேன், கீசிக்கேன்னு நிக்கப்பிடாது."

"நான் என்னத்தான் சொல்லப் போறேன்? நீங்க டாக்சியில போங்க. நான் ஒங்களுக்கு முன்னால போயி வாசல்ல நிப்பேன்."

"சைக்கிள்லயா?"

"ஒங்க டாக்சி சயான் சிக்னல்ல நிக்கும். என் சைக்கிளு நிக்காதுல்லா."

டாக்சியில் எனக்கு இடமில்லை. அதனால் நான் மாமாவோடு. அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். முன்பாரில் நான் உட்காரத் தோலில் பஞ்சு வைத்து ஒரு சின்ன மெத்தை தைத்திருந்தார். அதை முந்தின நாளே தைத்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பெருமையாக மட்டுமே பட்டது. செயினுக்கும் வழக்கத்தைவிடக் கெட்டியாக கிரீஸ் அப்பியிருந்தது. மொபைலை வீட்டில் சார்ஜில் மறந்து வைத்துவிட்டார்.

சயான் தாண்டி ஹைவே ஏறியதும் மாமா குனிந்தார். அவர் தாடை என் தலைக்கு மேல் வந்தது. அந்த வேகத்தை நான் அதற்கு முன்னால் லோக்கல் டிரெயினில்தான் பார்த்திருக்கிறேன், அதில் சத்தம் வரும். இதில் செயின் ஓடுகிற மெல்லிய கிர்ர் மட்டும். மாட்டுங்காக் கூட்டம் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. மாமா மணி கூட அடிக்காமல் ஓரமாகத் தாண்டினார். நான்தான் திரும்பிப் பார்த்துக் கைகாட்டினேன்.

காஞ்சூர் தாண்டியதும் வலது பக்கம் ஹைவேயை விட்டு இறங்கினோம். ஒரு மண்பாதை, ஒரு வேலி, அதற்கப்புறம் ஊரே இல்லை. தாராவியில் வளர்ந்தவனுக்கு வானம் என்றால் இரண்டு தகரக் கூரைக்கு நடுவில் தெரிகிற நீளத் துண்டு. இங்கே கண்ணுக்கு எட்டியவரை ஒரு மேடு பள்ளம் கிடையாது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், பாத்திகளுக்கு நடுவே கால்வாய், கால்வாய் ஓரம் சைக்கிள் போகிற அளவுக்கு வரப்பு, தூரத்தில் உப்புக் குவியல்கள். சேற்றில் ரோஸ் கலர் பறவைகள் நின்றன.

"ரோட்டுல போனா சுத்து. இது நேரா ஐரோலிப் பாலத்துக்கிட்ட போயி ஏறும்" என்றார் மாமா.

"ஒங்களுக்கு வழி தெரியுமா மாமா?"

"உப்பளத்துல பொறந்தவன்கிட்ட வழி கேக்கியா மருமவனே?"

அது உண்மைதான். அம்மாவும் மாமாவும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக் குடிசையில் பிறந்தவர்கள். அதனால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வரப்பை ஓர் இடத்தில் கால்வாய் அறுத்துக்கொண்டு போனது. உள்ளே தண்ணீர் அதிகமில்லை, சேறுதான். மாமா சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். என் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. அக்கரை ஏறி மறுபடி மிதித்தோம். அடுத்த கால்வாய் வந்தபோது அதில் சேறே தெரியவில்லை. தண்ணீர் விளிம்புக்கு வந்து எங்களைப் பார்த்தது. சரி, வந்த வழியே போகலாம் என்று திரும்பினோம். முதல் கால்வாயும் நிறைந்துவிட்டது. மேற்கே தண்ணீர், கிழக்கே தண்ணீர், நடுவில் ஒரு நீள வரப்பு, ஒரு குடிசை, நாங்கள்.

"மாமா, தண்ணி ஏறுது."

"ஏறட்டும்ல. நம்மூருல கடலு ரெண்டு சாண் ஏறும், ரெண்டு சாண் எறங்கும். அதே நெனப்புல வந்துட்டேன்." பிறகு என் முகத்துக்கு நேராகக் குனிந்து இன்னொரு தரம் சொன்னார், வாத்தியார் நோட்ஸ் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி: "நம்மூரு நெனப்புல வந்துட்டேன். என்ன?"

ஐரோலியில் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கான்ட்ராக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"அப்பாவுக்கு வேல போயிருமா மாமா?"

மாமா சைக்கிளைப் படுக்கவைத்து, செயினில் பட்ட உப்புத் தண்ணீரைச் சட்டை நுனியால் துடைத்தார். பெண் பார்ப்பதற்காகத் தைத்த சட்டை அது.

"போவாது. நீ பாத்தத பாத்தபடி சொல்லு, போவவே போவாது."

குடிசையில் ஒரு பெரியவரும் அவர் மகளும் இருந்தார்கள். உப்பளத்துக்குத் தண்ணீர் விடுகிற மதகைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மராத்திக்காரர்கள். அந்தப் பெண் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பலகையைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சேறு பூசிய மாப்பிள்ளையைப் பார்த்தால் யாருக்குமே சிரிப்பு வரும் என்று விட்டுவிட்டேன். டீ போட்டாள். "சக்கர் கித்னா, பேட்டா?" என்று என்னிடம் கேட்டாள். இரண்டு ஸ்பூன் என்றேன். மாமாவின் கிளாஸை அப்படியே நீட்டினாள். மாமா சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பார். எங்கள் சந்து டீக்கடையில் அவரைச் சர்க்கரை வியாதிக்காரரே என்று கேலி செய்வார்கள்.

வெயில் ஏறியது, தண்ணீர் அதைவிட வேகமாக ஏறியது. நான் உப்புக்கட்டிகளை எடுத்துக் கால்வாயில் எறிந்துகொண்டிருந்தேன். மாமாவும் அந்தப் பெண்ணும் மதகின் மேல் உட்கார்ந்து ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு தரமாவது தண்ணீரைப் பார்ப்பார், கவலைப்படுவார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. பெரியவர் மட்டும் தண்ணீரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். தண்ணீர் வடிந்து நாங்கள் கிளம்பும்போது நன்றாகச் சாயங்காலமாகிவிட்டது.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். அப்பா கத்திய கத்தலில் பக்கத்துப் பட்டறைத் தையல் மெஷின்கள் நின்றன. நடுவில் கான்ட்ராக்டரின் போன் வந்தது. அப்பாவின் குரல் சட்டென்று இறங்கி, "அண்ணாச்சி... அண்ணாச்சி..." என்று குழைந்தது. கடைசியில் போனை என்னிடம் நீட்டினார்.

"எம்பையன்கிட்டயே கேளுங்கண்ணாச்சி. படிக்கிற பையன். பொய்யி சொல்லத் தெரியாது."

அது ஊரறிந்த சங்கதி. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பொய் சொல்லக்கூடாது என்று டீச்சர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவன். பெரியம்மாவின் பாயசம் அடிபிடித்திருக்கிறது என்று விருந்தாளிகளின் முன்னால் சொன்னதும் நான்தான். போனில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்: குறுக்குவழி, சேறு, செருப்பு, தண்ணீர். "மாமா நம்மூரு நெனப்புல வந்துட்டாங்க. நம்மூர்ல கடலு ரெண்டு சாண்தான் ஏறும்" என்றும் சொன்னேன்.

அந்தப் பக்கம் கான்ட்ராக்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எலே, இந்தூருக் கடலு ஆள முக்கிரும்லே! அதுவும் பௌர்ணமியன்னைக்கி மத்தியானம்! வெவரங்கெட்ட பய, உசுரோட வந்தானே, அது போதும்." பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது, கான்ட்ராக்டர் வீட்டம்மாவாக இருக்கவேண்டும்: பொண்ணு பாக்க வாற அன்னைக்கே மாப்பிள்ளையைத் தண்ணி தடுத்தா அது என்ன சகுனம், இது நமக்கு வேண்டாம். வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வாக்குமூலத்தால் குடும்பம் தப்பியது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அம்மா மட்டும் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, பகல் முழுக்க என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். அதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஒரு அக்கா டீ குடுத்தாங்கம்மா. எனக்கு ரெண்டு ஸ்பூனு சீனி. மாமாவுக்குக் கேக்கவே இல்ல, சீனி போடாமக் குடுத்தாங்க."

தோசையைத் திருப்பப் போன அம்மாவின் கை நின்றது. தோசை கருகுகிற வாடை வந்தது. நான் அதையும் சொன்னேன். "தெரியும்ல, வாய மூடிட்டுத் தின்னு" என்றாள்.

அதற்கப்புறம் அம்மா மாமாவுக்குப் பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து, மராத்திக்காரி எப்படி நம்ம வீட்டுக்கு என்று அப்பாவும் பெரியப்பாவும் குதித்தபோது, யாரும் கேட்காமலே மாமா கட்சியில் போய் நின்றது அம்மாதான்.

கல்யாணம் முடிந்து அத்தை முதல்தடவையாக எங்கள் வீட்டில் டீ போட்டாள். அப்பாவிடம் கேட்டாள், பெரியப்பாவிடம் கேட்டாள், என்னிடமும் கேட்டாள். மாமாவிடம் கேட்காமல் கிளாஸை நீட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

"உப்பளத்துலயும் இப்பிடித்தாம்ப்பா! மொத நாளே அத்தை மாமாகிட்ட சீனி கேக்கல!"

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பௌர்ணமி நெறஞ்ச நாளு! எலே, நெறஞ்ச நாளுன்னு சொன்னியேலே!" என்று அப்பா எழுந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பௌர்ணமி நல்ல நாள்தானே, இதற்கு எதற்குக் கோபம், அதற்குள் அம்மாவும் அத்தையும் எதற்கு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரிக்கிறார்கள் என்று முகம் முகமாகப் பார்த்தேன். உண்மை பேசியதால் குடும்பம் தப்பியது என்று நினைத்திருந்த எனக்கு, முன்பார் மெத்தை யாருக்காக எதற்காகத் தைக்கப்பட்டது என்பது புரிய இன்னும் சில வருஷம் பாக்கியிருந்தது.

அப்பா அந்தப் பௌர்ணமிச் செலவை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். டாக்சி போகவர, காத்திருந்ததற்குத் தனி, பழம், பூ, அல்வா. எண்ணூற்று எழுபது.

"புள்ள செருப்ப விட்டுட்டீங்களே" என்றாள் அம்மா.

அப்பா அதையும் சேர்த்தார். தொள்ளாயிரத்து முப்பது ரூபாய்.