பழையதுக்கு இன்னொரு பேர்

கம்பெனிகளுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் இடத்தைக் காட்ட, ஒரகடத்தில் நான் ஒரு ஆப் செய்தேன். ஒடிசாவிலிருந்து வந்த லைன் ஆபரேட்டர் ஒருவர் அதில் 'பகாளா' என்று தேடினார்; எதுவும் வரவில்லை. அது இன்னா சாப்பாடு என்று அவரையே கேட்டேன். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் தயிரும் வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுவதாம்.

அடப்பாவி, நம்ம பழைய சோறு! பக்கத்து ஊர் வடக்குப்பட்டில் அது இல்லாத வீடே இல்லை. வெளியாளுக்குப் போடக் கூச்சப்பட்டு, ஆப்பில் மட்டும் யாரும் சொல்லவில்லை.

"பழையதுல இன்னாக்கா கேவலம்?" என்று வீடு வீடாகச் சண்டை போட்டு அதை ஆப்பில் சேர்த்தேன். பகாளா என்று தேடினாலும் பழைய சோறு வந்தது.

சாப்பிட்டுவிட்டு, லைனில் கற்ற தமிழில் அவர் ஆப்பில் ஒரே சொல் எழுதினார்: 'வூடு'. எழுத்துப்பிழை என்று ஆப் சிவப்புக் கோடு போட்டது. கோட்டைத்தான் அழித்தேன்.