அண்ணன் கடை லேமினேஷன்

ஆய்வுக்கூடத்தில் அவளை ‘ஃபைல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடப் போனாலும் கக்கத்தில் ஒரு ஃபைல் இருக்கும். வெளிநாட்டில் படிக்க வந்தவளுக்குப் பாடம் பாதி, பேப்பர் பாதி. விசா நீட்டிப்புக்கு அலைந்த அலைச்சலில் அவள் எப்போது ஆராய்ச்சி செய்தாள் என்பது பேராசிரியருக்கே விளங்காத விஷயம்.

விசா அலுவலகத்தில் கேட்டதையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. மற்றதற்கெல்லாம் நகல் போதும் என்றவர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும் அசல் வேண்டும் என்றார்கள். எடுத்து நீட்டினாள். கவுண்டரில் இருந்த தமிழம்மா அதை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

“லேமினேட் பண்ணிருக்கே?”

“ஆமா மேடம், பத்திரமா இருக்கட்டும்னு.”

“அசல் மேல சீல் குத்தணும்மா. பிளாஸ்டிக்ல மை நிக்காது. புதுசு வாங்கிட்டு வந்துடுங்க. மாசக் கடைசிதான் கெடு, அதுக்கு மேல தவணை கிடையாது. தள்ளுபடியாச்சுன்னா படிப்பை விட்டுட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.”

எரிந்து விழுந்திருந்தால்கூடத் தேவலை. அந்தம்மா பரிதாபமாகப் பார்த்தார். அறைக்கு வந்ததும் ஓரத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தாள். எழுத்தும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்தது.

அந்த லேமினேஷன் அண்ணன் போட்டது. அவன் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். லேமினேஷன் மெஷின் வந்த அன்று தங்கையின் சான்றிதழ்கள்தான் முதல் போணி. காசு வாங்காத போணி. தடுப்பூசி அட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவனுக்குத் தங்கையின் காகிதங்கள் என்றால் உயிர்.

அவனிடம் போய், “நீ பண்ணின வேலையாலதான் என் படிப்பு போகுது” என்று எந்த வாயால் சொல்வது? மென்று முழுங்கிவிட்டு ஃபோனில் வேறு ஏதோ சொன்னாள்.

“அண்ணா, பர்த் சர்டிபிகேட் தொலைஞ்சுபோச்சு. புதுசு வாங்கி அனுப்புறியா? வாங்கினதும் நேரா கூரியருக்குப் போயிடு. கடைப்பக்கம் போய் நேரத்தை வீணாக்காத.”

“தொலைச்சிட்டியா? நீயா?” என்றான். அதற்கு மேல் திட்டவில்லை. “சரி விடு, நான் பாத்துக்கறேன்.”

கடையைப் பூட்டிவிட்டு அலுவலகப் படி ஏறி இறங்கினான். கிளார்க் லீவு, ஆபீசர் மீட்டிங், சர்வர் வேலை செய்யவில்லை என்று அவனையும் பந்தாடினார்கள். இங்கே இவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் கூரியர் வண்டிச் சத்தம் கேட்டாலே படியிறங்கி ஓடினாள். படிக்க வந்தவளா, பேப்பருக்குக் காவல் இருக்க வந்தவளா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கூரியர் வந்தது. மாடிப்படியில் நின்றபடியே பிரித்தாள். கவருக்குள் கவர், அதற்குள் அட்டை, அட்டைக்கு நடுவே சான்றிதழ். பளபளவென்று இருந்தது. பழையதைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. ஃபோன் அடித்தது.

“வந்துடுச்சா? நீ சொன்ன மாதிரி நேராத்தான் கூரியருக்குக் கிளம்பினேன். வழியில மழை பிடிச்சுக்கிச்சு. இது நனைஞ்சா உன் படிப்பு என்னாகறதுன்னு பயந்து, கடையைத் திறந்து ஒரு லேமினேஷன் போட்டுட்டேன். இருக்கறதுலயே நல்ல ஷீட். இனிமே தண்ணியில முக்கினாக்கூட ஒண்ணும் ஆகாது.”

யார்மேல் கோபப்படுவது? அன்றைக்கே வாயைத் திறந்து ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணன் மனசு நோகக் கூடாது என்று பார்த்தாள், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். இப்போது சொன்னால் அவன் தாங்கமாட்டான்.

“என்ன, சரியா வரலையா?”

“நல்லா வந்திருக்குண்ணா. நான் சீக்கிரமே வீட்டுக்கு வரேன்.”

“அட, லீவு விட்டுட்டாங்களா?” என்றான் அண்ணன், சந்தோஷமாக.