பிரகாசி என்கிற கலைச்செல்வி

மடத்துத் தலைவி மதர் என்னிடம் தொலைபேசியில் பேசுவது அபூர்வம். அன்று அங்கன்வாடியில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "டீச்சர், பிரகாசி சிஸ்டர் விடியக்காலைல போய்ட்டாங்க. உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மீதி முட்டைகளை உரித்து, பிள்ளைகளுக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்த பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

மடத்தின் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று மதர் கேட்டபோது தயங்கினேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல, கிறிஸ்தவளும் அல்ல. ஆம்பூர் பக்கத்து முஸ்லிம் தெருவில் பிறந்து வளர்ந்த அங்கன்வாடி ஊழியர். தேர்தல் வேலையில் எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர். வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பவள். ஆனால் இதைப் படிக்கிற உங்களில் பலரும் என்னைப் போலத்தான் சிஸ்டர் பிரகாசியை அறிந்திருப்பீர்கள், குரலால். அந்த மடத்துச் சகோதரிகள் உள்ளே போனால் வெளியே வருவதில்லை. மருத்துவமனைக்கும் ஓட்டுப் போடவும் மட்டும்தான் அனுமதி. வாசல் பொறுப்பு சிஸ்டர் பிரகாசியுடையது. மணி அடித்தால் கம்பிச் சன்னலின் திரைக்குப் பின்னால் வந்து நின்று, "யாரு, இன்னா வேணும்?" என்று கேட்பவர் அவர்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தவள் நான்.

அந்த ஆண்டுதான் எனக்குப் புதிதாக அந்தப் பகுதியைக் கொடுத்திருந்தார்கள். அங்கன்வாடி முடிந்து வெயிலில் தெருத்தெருவாக நடக்க வேண்டும். பூட்டிய வீடு என்றால் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. மடத்துக்கு ஒரு நண்பகலில் போய் மணி அடித்தேன். அது அவர்களுடைய ஜெப நேரம் என்று எனக்குத் தெரியாது. யாரும் வரவில்லை. எதிர்ப் பெட்டிக்கடைக்காரர், "உள்ள ஆளுங்க இருக்காங்களா இன்னான்னே தெரியல. நான் ஒருத்தரையும் பாத்ததில்ல" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று முறை வந்ததாகவும், பட்டியலில் இருந்த பதினோரு சகோதரிகளும் அங்கே வசிக்கவில்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வரைவுப் பட்டியல் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்ட இரண்டாம் நாள் எனக்கு அழைப்பு வந்தது. "வாசல் சிஸ்டர் பேசறேன். எங்க பேருங்க ஒண்ணும் லிஸ்டுல இல்லியாமே. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா டீச்சர்?" குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

போனேன். திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "எத்தன தடவ வந்தீங்க?"

"மூணு தடவ சிஸ்டர்."

"பெல்லு ஒரு தடவதான் அடிச்சுது. அன்னிக்கி நாங்க கோயில்ல இருந்தோம். ஜெபம் முடிச்சிட்டு நான் ஓடி வந்து பாத்தேன், யாரும் இல்ல. மத்த நாளெல்லாம் நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். பிறகு, "ஒரு தடவதான் வந்தேன்னு எழுதிக் குடுங்க டீச்சர். நாங்க எங்கியும் போவலன்னு சொல்ல வேற சாட்சி எங்களுக்கு இல்ல. எங்கள வெளிய பாத்தவங்க யாரும் கெடையாது" என்றார்.

எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். மெமோ வரும், சம்பளத்தில் கை வைக்கலாம், வேலையே போகலாம். அதைச் சொன்னேன். "தெரியும்" என்றார். "நான் உங்கள கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா கேக்காம இருக்க மாட்டேன்." அன்றிலிருந்து மடத்தின் ஆட்சேபனை மனு விசாரணைக்கு வந்த நாள் வரை தினமும் மாலை ஒரே நேரத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை, கெஞ்சவில்லை. "டீச்சர், யோசிச்சீங்களா?" அவ்வளவுதான். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கும் என் கணவர், "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? அவங்களுக்கு ஓட்டு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?" என்றார். அதே வாக்கியத்தை நானும் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணைக்கு நேரில் வரவேண்டும் என்றார்கள். ஓட்டுக்கு வெளியே போகலாம், விசாரணைக்குப் போகலாமா என்று மடத்துக்குள்ளேயே பேச்சு எழுந்ததாம். மதர் தயங்கியிருக்கிறார். சிஸ்டர் பிரகாசி தானே ஆயருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கினார். பதினோரு பேரும் ஒரு வாடகை வேனில் தாலுகா அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள். அன்றுதான் அவர் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். குட்டையான, கறுத்த, அகன்ற முகம். குரலை வைத்து ஒல்லியான ஒருவரை நான் கற்பனை செய்திருந்தேன். வராந்தாவில் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் நின்றிருந்தவர்கள் எல்லோரும் அவர்களையே பார்த்தார்கள். இளைய சகோதரிகள் இருவர் வெளிச்சத்துக்குக் கூசுகிறவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவர் நேராக அதிகாரியின் மேசைக்குப் போனார்.

அதிகாரி நல்ல மனிதர்தான். உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "உலகமே வேணாம்னு உள்ள போய்ட்டீங்க. ஓட்டு எதுக்கு சிஸ்டர்?"

"எங்க கெணத்துல தண்ணி உப்பு சார். சோறு வடிச்சா மஞ்சளா ஆவுது. வெளிய தெருவுலயும் அதே தண்ணிதான். உள்ள வந்துட்டா தண்ணி நல்ல தண்ணியா மாறிடுமா?" என்றார் சிஸ்டர்.

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். அப்போது நான் எழுந்து போய் என் கடிதத்தை மேசையில் வைத்தேன். ஒரே ஒரு முறைதான் போனேன், மூன்று முறை என்று எழுதியது பொய், அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள் என்று எழுதியிருந்தேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்துப் பெயர்கள் திரும்பச் சேர்ந்தன. பதினோராவது சேரவில்லை. அது அவருடையது. பட்டியலில் இருந்தது மடத்தில் சேர்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர், பிரகாசி. ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் கலைச்செல்வி. மற்ற எல்லோருடைய பெயர் மாற்றத்துக்கும் அரசிதழில் வெளியிட விண்ணப்பம் எழுதி அனுப்பியவர் அவர். தன்னுடையதை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று காட்டக் காகிதம் இல்லை. கெடு முடிந்திருந்தது. முந்தைய பட்டியல் அப்படியே தொடர்ந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. என் ஒரு வரியால் வந்த வினை.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். கடுமையாக எச்சரித்து, அத்தோடு விட்டார்கள். அதைச் சிஸ்டரிடம் சொல்லப் போனபோது, "ரொம்பப் பேஜாரா ஆயிடுச்சா டீச்சர்?" என்று கேட்டார். "உங்க ஓட்டு போச்சே சிஸ்டர்" என்றேன். "எனக்கு ஒண்ணு போச்சு. பத்து வந்துச்சு. இன்னும் ஒண்ணு இருக்குது, அதையும் வாங்கலாம்" என்றார்.

சட்டமன்றத் தேர்தல் அன்று பத்துச் சகோதரிகளும் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். நான் வெளியே மேசை போட்டு வரிசை எண் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனிப் பெண்கள் விலகி, "நீங்க முன்னாடி போங்க சிஸ்டர்" என்றார்கள். மதர் மறுத்தார். "வரிசைலதான் நிக்கணும்னு எங்க வாசல் சிஸ்டர் சொல்லி அனுப்பிருக்காங்க" என்றார். வெயிலில் நின்றுதான் போட்டார்கள். ஓட்டு இல்லாதவருக்கு வெளியே வர அனுமதி இல்லை. சிஸ்டர் பிரகாசி அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டார். வேலை முடிந்து மாலையில் நான் போனபோது கேட்டது ஒன்றுதான்: "பத்துப் பேரும் போட்டாங்களா?" போட்டார்கள் என்றேன். "புதுசா பேரு சேக்கற படிவம் கையில இருக்குதா?" என்றார்.

அறுபதை நெருங்கியவர், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிரப்புகிற அந்தப் படிவத்தை நிரப்பினார். என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டேன். "கலைச்செல்வின்னே எழுதுங்க. பேரு மாத்திட்டு அப்புறம் போடலாம்னு இருந்தா இன்னொரு தேர்தலும் போய்டும்" என்றார். தகப்பனார் பெயர் மாணிக்கம். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவராம். மடத்துக்கு வருமுன் தானும் ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்தோல் பாகம் தைத்ததாக அன்றுதான் சொன்னார். "அங்க சூப்பர்வைசர்கிட்ட சண்ட போட்டுதான் கத்துக்கிட்டேன், கேக்க வேண்டியத ஒரு தடவ கேட்டா போதாதுன்னு."

அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் மடத்து வாசலுக்கு வந்து, மதரிடம் சொல்லி எல்லா ஓட்டையும் தனக்கே போடச் சொல்லும்படி கேட்டாராம். "பதினோரு பேரு, பதினோரு ஓட்டு. மொத்தமா பேசி எடுத்துட்டுப் போவ இது தோல் மண்டி இல்லண்ணா" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. பிறகு சிஸ்டர் அவரையும், அவருக்குப் பின் வந்த ஒவ்வொருவரையும், குடிதண்ணீர்க் குழாய் மடத்துத் தெருக்கோடி வரை எப்போது வரும் என்று கேட்டு, பதிலை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஜெயித்தவருக்கு மாதம் ஒரு கடிதம் போனது. குழாய் வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்தத் தண்ணீர் இன்று மடத்துக்கும் வருகிறது, தெருவுக்கும் வருகிறது.

அந்த உள்ளாட்சித் தேர்தலில் சிஸ்டரும் ஓட்டுப் போட வந்தார். கால் வீங்கியிருந்தது, சிறுநீரகக் கோளாறு அப்போதே தொடங்கியிருக்க வேண்டும். நாற்காலி போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அறைக்குள் அலுவலர் சத்தமாக, "கலைச்செல்வி, தகப்பனார் பெயர் மாணிக்கம்" என்று படித்தது வெளியே என் மேசை வரை கேட்டது. "ஆமா, நான்தான்" என்ற குரலும் கேட்டது. திரும்பி வந்தபோது விரலில் மையோடு என் மேசை முன் ஒரு நிமிடம் நின்றார். "எங்க அப்பா பேர மத்தவங்க வாயால கேட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு" என்றார். யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசி ஒரு வருடம் வாரம் இருமுறை வேலூருக்கு டயாலிசிஸ் போய் வந்தார். வேன் எங்கள் அங்கன்வாடி வழியாகத்தான் போகும். கண்ணாடியை இறக்கி, எந்தத் தெருவில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், பெயர் சேர்த்தாயிற்றா என்று கேட்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும், "சுமாராதான் இருக்குது, இருக்கட்டும்" என்பார்.

அடக்கத்தன்று மடத்துக் கோயிலில் வெளியாட்கள் நிற்கும் பகுதியில், கம்பிக்கு இந்தப் பக்கம் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்ததும் மதர் என்னைக் கூப்பிட்டு ஓர் உறை கொடுத்தார். உள்ளே பெயர் நீக்கும் படிவம். சிஸ்டரே முன்கூட்டி வாங்கி, தன் பெயர், பாகம் எண், வரிசை எண் எல்லாம் எழுதி வைத்திருந்தார். மதரின் கையெழுத்துக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "டீச்சர், என் பேர்ல வேற யாரும் ஓட்டுப் போடக் கூடாது. சீக்கிரம் எடுத்துடுங்க." இறப்புச் சான்றிதழ் வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் முறை அவர் பெயரை எடுக்க வைத்தபோது எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இம்முறை அலுவலக வராந்தாவில் அந்தப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பக்தி அல்ல. அது அந்தச் சகோதரிகளுடைய செல்வம். ஒருவருக்கு உரியதைச் சலிக்காமல், குரல் உயர்த்தாமல், கிடைக்கும்வரை கேட்பது. அந்தப் பிடிவாதத்தை எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் லைன் வீடுகளில் ஒரு கதவு நான்கு முறை பூட்டியிருந்தது. ஐந்தாம் முறை ஷிப்ட் விடும் நேரம் பார்த்துப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். "இன்னா டீச்சர், இதுக்காவா இவ்ளோ நேரம் உக்காந்திருக்கீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். கதவைத் திறந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். எழுதிக்கொண்டேன்.